சபையை ஆடவைத்த பத்து விரல்கள்

மணமேல்குடிப் பக்கத்தில் திருவிழா நாடகம் பார்த்தவர்கள், மேடை ஓரத்தில் இருக்கும் ஆர்மோனியக்காரரையும் கவனித்திருப்பார்கள். பஜனைக்கு வாசிப்பவருக்கு ஒரு கைதான் மிச்சம். மற்றக் கை துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடகத்துக்கு வரும் கால் ஆர்மோனியத்திலோ அந்த வேலையைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் ஓடலாம்.

அப்படி இரண்டு கைகளுக்கும் வேறு வேறு வேலை கொடுத்து, பியானோவில் ஒரு சபையையே எழுந்து ஆடவைத்த பெண்மணி அமெரிக்காவில் இருந்தார். பெயர் அரிசோனா டிரேன்ஸ். கறுப்பினத்தவர். கண் பார்வை இல்லாதவர்.

டெக்ஸாஸ் மாநிலத்தில் 1890-ம் ஆண்டை ஒட்டி ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அங்கே அப்போது வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. கண் தெரியாத பிள்ளைகளுக்கும் அதே கதிதான்! ஆஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியில் அவர் சேர்ந்தார். பாட்டும் பியானோவும் அங்கே கற்றுக்கொண்டார்.

பிறகு "கிறிஸ்துவில் கடவுளின் சபை" என்னும் பெந்தகொஸ்தே சபையில் ஈடுபட்டார். நம் ஊரில் உறுமி முழங்க முழங்கச் சாமி வந்து ஆடுவார்கள் அல்லவா? அந்தச் சபையிலும் பாட்டு உச்சத்துக்குப் போனால் மக்கள் கைதட்டுவார்கள், தரையை மிதிப்பார்கள், ஆடுவார்கள். அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும் வாசிப்பு வேண்டும்.

டிரேன்ஸ் அம்மையாரின் இடது கை கீழ்ச் சுரங்களில் நடக்கும். தவில்காரர் தாளம் விடாமல் பிடிப்பதுபோல அது ஒரே சீராகப் போகும். வலது கை மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும். அதுவும் பல இடங்களில் தாளத்தின் மேல் விழாமல், இடையிலே விழும். ஒன்று நடக்க, மற்றொன்று குதிக்கும். கேட்பவர் கால் சும்மா இருக்குமா?

இந்த வாசிப்பு சாராயக் கடைகளில் கேட்ட துள்ளல் வாசிப்பின் உறவு. பல சபைகள் அதை உள்ளே விடத் தயங்கிய காலம் அது. அம்மையார் அதற்கே பக்திப் பாட்டைப் பூட்டினார். துணிச்சல்காரர்தான்.

1926 ஜூன் மாதம் சிகாகோ நகருக்குப் போய், ஓகே ரிக்கார்டு கம்பெனிக்காக ஒரே நாளில் ஆறு பதிவுகள் கொடுத்தார். சபைக்குள் இருந்த இசை வீடு வீடாகப் போயிற்று. ஆனால் பணம் அவ்வளவாக வரவில்லை. உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது பணம் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1928-க்குப் பிறகு அவர் குரல் ரிக்கார்டில் வரவே இல்லை. பெரிய பொருளாதார நெருக்கடி அடுத்த ஆண்டு தொடங்கியது. ரிக்கார்டு வியாபாரமே படுத்துவிட்டது.

அவரோ நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சபைகளில் வாசித்தார். அதே சபையில் வளர்ந்த ரோசெட்டா தார்ப் என்ற பெண், பிற்காலத்தில் கிதார் வாசித்து உலகப் புகழ் பெற்றார். அவருடைய துள்ளலிலும் டிரேன்ஸின் சாயல் உண்டு.

அம்மையார் 1963 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். கடைசி ரிக்கார்டு கொடுத்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய தட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி வெளியிட்டது பின்னால் வந்தவர்கள்தான்.