அலமாரியில் தூங்கும் ஹார்ட் டிஸ்க்கும் அல் ஷுகார்ட்டும்

வீட்டு பீரோவையோ மேஜை டிராயரையோ ஒருநாள் கிளறிப் பாருங்க. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கட்டாயம் அகப்படும். அப்பா வாங்கின முதல் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றினதா இருக்கும். இல்லேன்னா அக்கா கல்யாண போட்டோவை எல்லாம் பத்திரமா வைக்கணும்னு வாங்கி, அப்புறம் எல்லாரும் மறந்துபோன எக்ஸ்டர்னல் டிரைவா இருக்கும். அதைப் புது லேப்டாப்பில் மாட்டலாம்னு உட்கார்ந்தா கேபிள் சேராது. கேபிள் சேர்ந்தா டிஸ்க் சுத்தாது. சுத்தினா, ஃபார்மட் பண்ணட்டுமான்னு விண்டோஸ் கேட்கும்.

சில பழைய டிரைவ்கள் இருபது வருஷம் கழிச்சும் மாட்டின உடனே வேலை செய்யுது. சிலது எத்தனை அடாப்டர் வாங்கினாலும் மசிய மாட்டேங்குது. ஏன் இந்த வித்தியாசம்? இதுக்கான பதில் பெரும்பாலும் ஒரே மனுஷனோட வாழ்க்கைக்குள்ளேயே இருக்கு. அவர் பெயர் ஆலன் ஷுகார்ட். எல்லாரும் அல் ஷுகார்ட்னு கூப்பிடுவாங்க. சீகேட் நிறுவனத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர்.

ரிப்பேர்காரராத் தொடங்கியவர்

1930-ம் வருஷம் செப்டம்பர் 27-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார் ஷுகார்ட். ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் படித்தார். 1951-ல் டிகிரி முடித்த கையோடு ஐபிஎம்-மில் சேர்ந்தார். ஆராய்ச்சி வேலை எல்லாம் இல்லீங்க. ஃபீல்டு இன்ஜினியர். அதாவது, வாடிக்கையாளர் ஆபீசுக்குப் போய் பழுதான மெஷினைச் சரிபண்ணிக் கொடுக்கிற வேலை.

நாலு வருஷம் கழித்து சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே அப்போ ஒரு விசித்திரமான மெஷின் உருவாகிக்கொண்டிருந்தது. 1956-ல் வெளியான ராமாக்தான் அது. உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் அதில்தான் இருந்தது. 24 இன்ச் விட்டமுள்ள 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுழலவிட்டிருந்தார்கள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 எம்பி கூடத் தேறாது. உங்க போனில் எடுக்கிற ஒரு செல்ஃபிக்கே இடம் பத்துமான்னு சந்தேகம்தான்.

ஐபிஎம்-மில் ஷுகார்ட் படிப்படியா மேலே வந்தார். அறுபதுகளின் கடைசியில் அவர் பொறுப்பில் இருந்த ஒரு குழுவுக்கு, பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் மைக்ரோகோடை ஏற்ற ஒரு மலிவான வழி கண்டுபிடிக்கச் சொல்லி வேலை வந்தது. அந்தக் குழு செய்ததுதான் 8 இன்ச் ஃப்ளாப்பி. 1971-ல் அது வெளியானபோது ஷுகார்ட் ஐபிஎம்-மில் இல்லை. 1969-லேயே மெமோரெக்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே ஐபிஎம் இன்ஜினியர்கள் பலரும் வேலையை விட்டுட்டு அங்கே போனார்கள்.

சொந்தப் பெயரில் கம்பெனி, சொந்தக் கம்பெனியில் இடமில்லை

1973-ல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்று தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். ஒரு வருஷம்தான். பணம் போட்டவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1974-ல் வெளியே வந்தார். வாசலில் பலகை மட்டும் அவர் பெயரோடு அப்படியே தொங்கியது.

அடுத்த சில வருஷம் அவர் செய்த வேலைகளைக் கேட்டா நம்ப மாட்டீங்க. நண்பர்களோடு சேர்ந்து சாண்டா குரூஸ் ஊரில் ஒரு பார் நடத்தினார். படகு வாங்கி சால்மன் மீன் பிடிக்கப் போனார். இடையிடையே ஆலோசகர் வேலை. நாற்பதைத் தாண்டின ஒரு டிஸ்க் இன்ஜினியரோட கதை அத்தோடு முடிஞ்சதுன்னுதான் யாரும் நினைச்சிருப்பாங்க.

ஆனா அவர் விட்டுட்டு வந்த கம்பெனியில் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. முதலாவது, 1976-ல் வந்த எஸ்ஏ-400 என்ற ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பி டிரைவ். அதன் 34 பின் கேபிள் இணைப்பைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் தங்கள் டிரைவ்களைச் செய்தன. பின்னால் வந்த பெர்சனல் கம்ப்யூட்டர்களின் ஃப்ளாப்பி கேபிளுக்கு அதுதான் மூலம். இரண்டாவது விஷயத்தை நாம விரிவாப் பார்க்கணும். அதுதான் இந்தக் கட்டுரையோட உயிர்.

முட்டாள் டிஸ்க், புத்திசாலி டிஸ்க்

அந்தக் காலத்து டிஸ்க்குக்கு மூளை கிடையாது. இத்தனையாவது டிராக்குக்குப் போ, இந்த ஹெட்டால் படி என்று கம்ப்யூட்டரில் இருக்கிற கன்ட்ரோலர் கார்டு சொல்லணும். டிஸ்க் திருப்பி அனுப்புவது வெறும் மின்துடிப்பு. அதில் எது ஒன்று, எது பூஜ்யம் என்று பிரித்தெடுப்பதும் கார்டுதான். அதனால ஒரு கார்டில் எழுதின டிஸ்க்கை வேறு கம்பெனி கார்டில் மாட்டினால் படிக்க வராமல் போவது சாதாரணமா நடக்கும்.

ஷுகார்ட் அசோசியேட்ஸில் லாரி பௌச்சர் என்ற இன்ஜினியர் தலைமையில் இதற்கு ஒரு மாற்று யோசித்தார்கள். கம்ப்யூட்டர் 500-வது பிளாக்கைக் கொடுன்னு மட்டும் கேட்டால் போதும். அந்த பிளாக் எந்தத் தட்டில், எந்த டிராக்கில் இருக்குங்கிறது டிஸ்க் பக்கத்துத் தலைவலி. இப்படிப் பேசுவதற்கான விதிமுறைதான் சாசி. விரித்துச் சொன்னால் ஷுகார்ட் அசோசியேட்ஸ் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்.

1981-ல் இதை எல்லாருக்கும் பொதுவான தரநிலையாக்க எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு சிக்கல். தரநிலையில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது. அதனால ஷுகார்ட் அசோசியேட்ஸ் போய், அந்த இடத்தில் ஸ்மால் கம்ப்யூட்டர் என்று வந்தது. சாசி, ஸ்கசி ஆனது. 1986-ல் அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சி அதை அங்கீகரித்தது. கம்பெனியை விட்டு ஷுகார்ட் எப்பவோ போயிட்டார். இப்போ அவர் பெயரும் போச்சு. மிஞ்சினது அந்த விதிமுறை மட்டும்தான்.

மீண்டும் முதலிலிருந்து

இதற்கிடையில் 1979-ல் ஷுகார்ட், ஃபினிஸ் கானர் என்பவரோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார். முதலில் வைத்த பெயர் ஷுகார்ட் டெக்னாலஜி. ஆனா ஷுகார்ட் என்ற பெயரோடு ஏற்கெனவே ஒரு கம்பெனி ஓடுது, அதுவும் ஜெராக்ஸ் கையில் இருக்கு. வம்பு எதுக்குன்னு தன் பெயரைத் தானே எடுத்துட்டு சீகேட் என்று மாற்றினார்.

1980-ல் சீகேட் வெளியிட்ட எஸ்டி-506 தான், ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்துக்குள் உட்காரும்படி வந்த முதல் ஹார்ட் டிஸ்க். கொள்ளளவு 5 எம்பி. விலை 1500 டாலர். ஒரு நிமிஷம் யோசிங்க. அறையை அடைத்துக்கொண்டு நின்ற ராமாக்கில் வேலை பார்த்தவர், 24 வருஷம் கழித்து அதைவிட அதிகமான டேட்டாவைக் கையில் தூக்கிப் போகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கார். அடுத்து வந்த 10 எம்பி எஸ்டி-412, 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டருக்குள் போனது. சீகேட் மளமளவென்று வளர்ந்தது.

ஆனா ஒன்று கவனிங்க. எஸ்டி-506 மூளை இல்லாத வகை டிஸ்க். டிஸ்க் மலிவா இருக்கணும் என்பதால் புத்தி முழுக்கக் கார்டில் இருந்தது. அதனாலதான் ஷுகார்ட்டுக்குப் பெரும் புகழ் வாங்கிக் கொடுத்த அந்த டிஸ்க்கை இன்னைக்கு எந்தக் கடை அடாப்டரை வைத்தும் படிக்க முடியாது. பீகிள்போன் போன்ற சிறு போர்டோடு தனி சர்க்யூட் சேர்த்து, மின்துடிப்பை அப்படியே பதிவுபண்ணி, பிறகு சாஃப்ட்வேரால் பிரித்தெடுக்கிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பிக்கும் கிட்டத்தட்ட அதே வழிதான். கிரீஸ்வீசல் என்ற திறந்தமூல போர்டு அதற்கென்றே இருக்கு.

அவர் பெயரை இழந்த ஸ்கசியோ இன்னும் சாகவில்லை. நீங்க மாட்டுகிற பென்டிரைவ், யுஎஸ்பி கேபிள் வழியாப் பேசுவது பெரும்பாலும் ஸ்கசி கட்டளைகளைத்தான். ஒவ்வொரு கட்டளையும் 31 பைட் உறைக்குள் போட்டு அனுப்பப்படுகிறது. வேகமான எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி பெட்டிகள் பயன்படுத்துகிற யுஏஎஸ் முறையின் முழுப்பெயரே யுஎஸ்பி அட்டாச்டு ஸ்கசி. லினக்ஸில் உங்க டிரைவுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்றெல்லாம் பெயர் வருதே, அந்த எஸ்டி-க்கு அர்த்தம் ஸ்கசி டிஸ்க்.

பழைய டிரைவ் புது கம்ப்யூட்டரில் வேலை செய்யுதுன்னா காரணம் இதுதான். பிளாக் நம்பர் கேட்டால் பிளாக் கொடுக்கணும் என்ற அந்த ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் இன்னும் உயிரோடு இருக்கு. நடுவில் இருக்கிற அடாப்டர் ஒரு மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான்.

நாயைத் தேர்தலில் நிறுத்தியவர்

ஷுகார்ட் ஒரு மாதிரியான ஆள். பெரிய கம்பெனித் தலைவர் மாதிரி கோட்டு சூட்டு எல்லாம் ஒத்துவராது, ஹவாய் சட்டைதான். அரசியல்வாதிகள் மேல் இருந்த கடுப்பில் 1996-ல் தன் செல்ல நாய் எர்னஸ்ட்டை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தப் பார்த்தார். பிறகு 2000-ல், வாக்குச்சீட்டில் நம்ம ஊர் நோட்டா மாதிரி ஒரு கட்டம் வேணும்னு கலிபோர்னியாவில் பொதுவாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார். மக்கள் அதைத் தோற்கடித்தார்கள்.

அதற்கு முன்னாடியே 1998 ஜூலையில் சீகேட் இயக்குநர் குழு அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. தான் தொடங்கின கம்பெனியை விட்டு அவர் வெளியேறியது இது இரண்டாவது முறை. 2006 டிசம்பர் 12-ம் தேதி மான்டெரேயில் காலமானார். சில வாரங்களுக்கு முன் நடந்த இதய அறுவைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கல்தான் காரணம். வயது 76.

இனி உங்க டிரைவுக்கு வருவோம்

ஒப்பந்தம் உயிரோடு இருக்கலாம். தட்டும் மோட்டாரும் அப்படி இல்லை, வயசாகும். அதனால தள்ளிப்போடாதீங்க.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்க. அகலமா இரண்டு வரிசையில் 40 பின் இருந்தால் அது ஐடிஇ. லேப்டாப் டிஸ்க்கில் பின் சின்னதா, 44 இருக்கும். தட்டையா எல் வடிவ இணைப்பு இருந்தால் சாட்டா. இரண்டுக்குமே யுஎஸ்பி அடாப்டர் கிடைக்குது. மூன்றரை இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், அதை யுஎஸ்பி போர்ட் சும்மா தராது. அதனால தனி பவர் அடாப்டரோடு வர்றதாப் பார்த்து வாங்குங்க. ஐடிஇ டிஸ்க் தெரியவில்லை என்றால் ஜம்பரை மாஸ்டர் நிலைக்கு மாற்றிப் பாருங்க.

எக்ஸ்டர்னல் டிரைவ் டிக் டிக்னு சத்தம் போட்டு நின்னா உடனே டிஸ்க் செத்துப்போச்சுன்னு முடிவுகட்டாதீங்க. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மோட்டார் கிளம்பும்போது அதுக்கு மேலேயும் கேட்கலாம். வேறு கேபிள், வேறு போர்ட், தனி பவர் உள்ள ஹப் என்று மாற்றிப் பாருங்க. அப்புறமும் அதே சத்தம்னா மேற்கொண்டு ஓட்டாதீங்க. ஓட்ட ஓட்ட சேதம் கூடும்.

டிரைவ் தெரியுது, ஆனா ஃபார்மட் பண்ணச் சொல்லுதா? கேன்சல் கொடுங்க. டிஸ்க்கில் டேட்டா இருக்கலாம், விண்டோஸுக்கு அந்த ஃபைல் சிஸ்டம் தெரியாமல் இருக்கலாம். பழைய மேக் டிஸ்க்கோ லினக்ஸ் டிஸ்க்கோ என்றால் இப்படித்தான் கேட்கும். ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி, படிக்க மட்டும் திறந்து பாருங்க.

டிஸ்க் தடுமாறுதுன்னு தெரிஞ்சா ஃபைல் ஃபைலா காப்பி பண்ண உட்காராதீங்க. டிடிரெஸ்க்யூ மாதிரி ஒரு டூலை வைத்து முழு டிஸ்க்கையும் இமேஜா எடுங்க. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, படிக்க வராத இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும். மீட்பு வேலை எல்லாவற்றையும் அந்த இமேஜில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை லேப்டாப்பில் ஒரு டிரைவ் மாட்டி எஸ்டிபி என்று பெயர் வரும்போது, அந்த எஸ் எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். வர்ற செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு அடாப்டரையும் பையில் போட்டுக்கோங்க. அக்கா கல்யாண போட்டோ இன்னும் அங்கேதான் இருக்கு.