பேராசிரியர் ஆன சார்ஜண்ட்

தோழர்களே, பெரிய படிப்பு படித்தவர் பாட்டாளி பக்கம் நிற்பாரா? நின்றார் ஒருவர். ரிச்சர்ட் ஹென்ரி டாவ்னி என்ற ஆங்கிலேயர்.

1880இல் கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் அங்கே கல்லூரி முதல்வர். ஆக்ஸ்போர்டில் படித்த மகன் பெரிய உத்தியோகம் தேடிப் போகவில்லை. 1908 முதல் ரோச்டேல், லாங்டன் ஊர்களுக்கு ரயிலேறிப் போய், வேலை முடிந்து வந்த நெசவாளிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளிகளுக்கும் வகுப்பு எடுத்தார். அவங்ககிட்டே தானும் பாடம் கற்றதாகச் சொல்லி, 1912இல் வந்த தன் நூலின் முன்னுரையில் நன்றி எழுதினார்.

1914இல் போர் மூண்டது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அதிகாரிப் பதவி கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று சார்ஜண்டாகவே இருந்துவிட்டார். 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் படையில் அன்று மட்டும் 19,000 பேருக்கு மேல் மாண்டார்கள். குண்டடிபட்ட டாவ்னி மறுநாள் வரை போர்க்களத்திலேயே கிடந்தார். பிழைத்ததே பெரிசு.

1919இல் நிலக்கரிச் சுரங்க விசாரணைக் குழுவில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்து, சுரங்க முதலாளிகளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். 1928 முதல் 1944 வரை தொழிலாளர் கல்விச் சங்கத் தலைவர். 1931இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர். பிரபு பட்டம் தேடி வந்தது, அதையும் மறுத்தார். 1962இல் காலமானார்.

உழைக்கிறவனுக்குப் படிப்பு எதுக்கு என்பவர்களுக்கு அவர் வாழ்ந்தே பதில் சொன்னார். அந்த வகுப்புகளுக்கு வந்தவங்களும் நம்மைப் போல் களைத்து வந்தவங்கதான். பிள்ளைங்க படிக்கட்டும்; நாமும் படிப்போம்.