நிக்கொலா தெஸ்லா (1856 – 1943)

கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் பெரிய மோட்டருக்கு மூன்று உயிர்க்கம்பிகள் செல்வதைக் காணலாம். த்ரீ பேஸ் கறண்ட் என நாம் சொல்லும் இம்மூன்று அவத்தை மின்னுக்கு வழி திறந்தவர்களுள் முக்கியமானவர் நிக்கொலா தெஸ்லா ஆவார்.

இவர் 1856 யூலை 10 ஆம் திகதி, இன்றைய குறோஷியாவிலுள்ள ஸ்மில்யான் கிராமத்தில் ஒரு சேர்பிய மதகுருவின் மகனாகப் பிறந்தார். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் பொறியியல் கற்கும்போது, நேரோட்ட இயந்திரமொன்றின் திசைமாற்றியில் தீப்பொறி பறப்பதைக் கண்டார். அப்பகுதி இல்லாமலே மோட்டரை இயக்கலாம் என்றார். அது நடவாத காரியம் எனப் பேராசிரியர் வகுப்பிலேயே மறுத்தார். தெஸ்லா பட்டம் பெறவில்லை; ஆனால் அந்தக் கேள்வியை அவர் விடவுமில்லை.

1882 இல் புடாபெஸ்ட் நகரில் விடை கிடைத்தது. இருமுனைக் காந்தமொன்று சீராகச் சுழலும்போது, உரியவாறு அமைத்த சுருளில் தூண்டப்படும் வோல்ற்றளவு சைன் வளையி வடிவில் ஏறி இறங்கும். இரண்டு சுருள்களை 90 பாகை இடைவெளியில் வைத்தால், ஒன்றின் அலை உச்சத்தில் இருக்கையில் மற்றையது பூச்சியத்தில் இருக்கும். மூன்று சுருள்களை 120 பாகை இடைவெளியில் வைத்தால், மூன்று அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்றிலொரு சுற்றுப் பிந்தி வரும். சுருள் இருக்கும் இடமே அவத்தையைத் தீர்மானிக்கின்றது என்பதைக் கவனிக்க. இவ்வலைகளை அதே ஒழுங்கில் அமைந்த மோட்டரின் சுருள்களுக்கு அனுப்பினால் அங்கே காந்தப்புலம் சுழலும். நடுவிலுள்ள சுழலி அதன் பின்னே இழுபடும். திசைமாற்றியும் இல்லை, தீப்பொறியும் இல்லை.

(இக்காலத்தில் இலத்திரனியல் சுற்றுகள் காந்தம் இன்றியே இதைச் செய்கின்றன. நினைவகத்தில் ஒரு சைன் அலையின் பெறுமானங்களைப் பதிந்து, அதே அட்டவணையை மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வாசித்தால் மூன்று அவத்தைகள் கிடைக்கும்.)

1884 இல் அமெரிக்கா சென்ற தெஸ்லா, எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். பின்னர் தொடங்கிய சொந்தக் கம்பனி கைநழுவிப் போகவே கூலிக்குக் குழி வெட்டினார். 1888 மே மாதத்தில் காப்புரிமைகள் கிடைத்தன. வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கினார். ஆடலோட்டம் ஆபத்தானது என எடிசன் தரப்பு எவ்வளவோ எதிர்த்தும், 1893 சிக்காகோ கண்காட்சி அதனாலேயே ஒளியூட்டப்பட்டது. 1895 இல் நயாகராவில் இரண்டு அவத்தை மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கின.

ஆடலோட்டத்தையே தெஸ்லா கண்டுபிடித்தார் எனப் பலர் விடை எழுதுகின்றனர். அது தவறு. சுழலும் காந்தப்புலத்தைக்கூட இத்தாலியரான பெராரிஸ் தனியாகக் கண்டு 1888 இல் வெளியிட்டார். மூன்று அவத்தை முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு தொலிவோ தொப்ரோவொல்ஸ்கிக்கு உரியது.

தெஸ்லா 1943 ஜனவரி 7 ஆம் திகதி நியூயோர்க் ஹோட்டல் அறையொன்றில் தனிமையில், கடனுடன் காலமானார். 1960 இல் காந்தப் பாய அடர்த்தியின் சர்வதேச அலகுக்குத் தெஸ்லா எனப் பெயரிடப்பட்டது.