அடிமையாய் வந்து நகரம் கண்ட மாலிக் அம்பர்

அடிமையை உரிமை விடுவது எத்துணைப் பெரிய நன்மை என்பதை நாம் அறிவோம். ஜகாத்தின் பங்குகளுள் ஒன்று அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு உரிமை பெற்ற ஒருவரால் மக்கள் எவ்வளவு பயனடைவர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அவர்தாம் மாலிக் அம்பர்.

ஏறத்தாழ 1548-ல் ஹபஷா நாட்டில் பிறந்த அவர், இளம் பிராயத்திலேயே அடிமையாக விற்கப்பட்டார். பெற்றோர், ஊர், இட்ட பெயர் எல்லாம் பறிபோயின. கைமாறி வந்த சிறுவனைப் பக்தாதைச் சார்ந்த மீர் காசிம் வாங்கிக் கல்வி புகட்டி, அம்பர் எனப் பெயரிட்டார். கற்பித்ததால் விற்றது நியாயமாகிவிடாது. ஆயினும் யாராலும் பறிக்க முடியாத செல்வம் அதுவொன்றே ஆயிற்று.

பின்னர் தக்காணத்தில், அகமதுநகர் அமைச்சர் செங்கிஸ்கான் அவரை வாங்கினார். அவரும் முன்னாள் ஹபஷி அடிமையே! 1575-ஐ ஒட்டி அவர் இறந்தபின், அவருடைய மனைவி அம்பரை உரிமை விட்டார்.

1600-ல் அகமதுநகர்க் கோட்டை முகலாயரிடம் வீழ்ந்தது. அம்பர் அஞ்சவில்லை. நிஜாம்ஷாஹி வமிசத்து இளவரசர் ஒருவரை அரியணையேற்றி, தாமே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மராட்டியக் குதிரை வீரர்களைச் சேர்த்து, மறைந்திருந்து தாக்கும் போர் முறையை நடத்தினார். 1624-ல் பட்வாடியில் முகலாய, பீஜப்பூர்ப் படைகளை வென்றார். சிவாஜியின் தந்தை ஷாஜி அன்று அவர் பக்கம் நின்று போரிட்டார். அம்பர் வாழ்ந்தவரை அந்நாட்டை முகலாயரால் முழுமையாக வசப்படுத்த இயலவில்லை.

போரைவிட நம்மை ஈர்ப்பது அவர் தந்த தண்ணீரே. 1610-ல் கட்கி என்னும் நகரை அமைத்தார். பிற்காலத்தில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்றது அதுவே. மலையடி ஊற்று நீரைப் பூமிக்கடியில் கால்வாய் வெட்டி ஊருக்குள் கொணர்ந்தார். கோமுகி அணையின் நீரை அறிந்த நம் வடக்கனந்தல் மக்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

1626-ல் காலமான அன்னார் குல்தாபாதில் அடக்கமாகியுள்ளார்.

கொத்தடிமை முறையை நம் நாட்டுச் சட்டம் 1976-ல் ஒழித்தது. ஆனால் முன்பணத்துக்காகப் பிள்ளையை வேலைக்கு விடும் வறுமை இன்னும் ஒழியவில்லை. அத்தகைய பிள்ளை நம் வாசலில் வந்து நின்றால் துடைப்பத்தை நீட்டாதீர்கள். கடனை அடைத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்குள் எந்த ஊரின் தண்ணீர் காத்திருக்கிறதோ, அல்லாஹ்வே அறிவான்.