வால்டர் பாடே

விண்மீன் மண்டலங்களில் முதிய நக்ஷத்திரங்கள் எவை, இளையவை எவை எனப் பகுத்தறிய வழி காட்டியவர்களுள் முதன்மை பெற்ற வால்டர் பாடே என்பார், ஜெர்மனி தேசத்து வெஸ்ட்பாலியாவில் 1893-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பிறந்தார். தந்தையார் பள்ளி உபாத்தியாயர். மைந்தனைக் குருவூழியத்துக்கு விடப் பெற்றோர் விரும்பினர். அவர் மனமோ இளமையிலேயே வானத்தை நாடிற்று. கெட்டிங்கன் சர்வகலாசாலையில் தேறி, 1919-ல் ஹாம்பர்க்கு வானிலையத்தில் அமர்ந்தார்.

1931-ல் கலிபோர்னியாவின் வில்ஸன் மலை வானிலையத்துக்குச் சென்றார். ஆங்கிருந்த 100 அங்குலத் தூரதர்சினியினும் பெரிது அக்காலத்தில் உலகில் வேறில்லை. அமெரிக்கப் பிரஜையாவதற்கு முதலிற் பெற்ற பத்திரத்தை வீடு மாறுகையில் தொலைத்தவர், மறுபடி முயலாமல் இருந்துவிட்டார். அந்த அசிரத்தையின் பயன் யுத்தம் வந்தபோது தெரிந்தது. 1942-ல் பகைநாட்டார் எனக் கணிக்கப்பட்டு, இரவில் வீட்டைவிட்டு வெளிச்செல்லலாகாது என்ற கட்டளைக்கு உள்ளானார். வான சாஸ்திரிக்கு இரவை விலக்குவது உழவனுக்கு வயலை விலக்குவதை ஒக்குமன்றோ! நல்வேளையாகப் பின்னர் அவருக்கு அனுமதி கிடைத்தது. சகாக்களிற் பலர் யுத்த வேலைக்குச் சென்றிருந்தமையால் தூரதர்சினி பெரும்பாலும் அவர் வசமாயிற்று; லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து விளக்குகளும் யுத்தத்தை முன்னிட்டு மங்கலாக்கப்பட்டிருந்தன.

ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் வெளிக்கரங்களில் தனித்தனி நக்ஷத்திரங்களை ஹப்பிள் முன்னமே கண்டிருந்தார். நடுப்பகுதியோ எவருடைய படத்திலும் பால்போற் கலங்கியே தோன்றிற்று. நீல ஒளியை ஏற்கும் தகடுகளை நெடுநேரம் வைத்தால், இரவு வானத்துக்கு இயல்பாயுள்ள மெல்லொளியே அவற்றைக் கறுக்கச் செய்துவிடும். ஆகவே பாடே சிவப்பொளியை ஏற்கும் தகட்டைக் கைக்கொண்டார். அது மந்தமானது, பல மணி நேரம் வேண்டும். அத்தனை நேரமும் கண்ணாடியின் வெப்பநிலை மாறுந்தோறும் குவியத்தைத் திருத்தியவண்ணம் குளிரிற் காத்திருக்க வேண்டும். 1943-ன் இலையுதிர் காலத்தில் அத்தகடுகளில், கலங்கல் எண்ணிறந்த செந்நிறப் புள்ளிகளாகப் பிரிந்தது.

நக்ஷத்திரங்கள் இரு குலத்தன என்று 1944-ல் அவர் வெளியிட்டார். கரங்களிலே தூசியும் வாயுவும் நடுவே நீல நக்ஷத்திரங்கள். மையத்திலே சிவந்த பூதங்கள். இவ்வேற்றுமை பெரும்பாலும் வயதின் வேற்றுமை என்பது பின்னரே விளங்கிற்று. நீல நக்ஷத்திரங்கள் தம் எரிபொருளை விரைவிற் செலவழித்து மாய்வன. ஆதலின் சிவந்தவை மட்டும் எஞ்சியுள்ள இடத்தில் புதுப் பிறப்பு நின்று நெடுங்காலமாயிற்று என்பதாம். முதிய நக்ஷத்திரங்களின் ஒளியில் பெரும்பங்கு, சிவப்பை அடுத்து அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாய் வருகின்றது. அக்கதிர்களைத் தூசியும் அதிகம் தடுப்பதில்லை. 2021-ல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தூரதர்சினி அவற்றையே கொண்டு தொலைமண்டலங்களின் வயதை ஆராய்கின்றது.

பலோமார் மலையின் 200 அங்குலத் தூரதர்சினி வந்தபின், ஆண்ட்ரோமீடாவிற் காணக் கருதிய ஒருவகை மாறொளி நக்ஷத்திரங்கள் அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. குறை கருவியினதன்று, தூரக் கணக்கினதே என்று துணிந்தார். 1952-ல் ரோமாபுரி மகாநாட்டில் அவர் அதனை உரைத்தபோது, மண்டலங்களின் தூரமும், அதனோடு பிரபஞ்சத்தின் வயதும் ஏறக்குறைய இருமடங்காயின. பூமியின் பாறைகள் பிரபஞ்சத்தினும் முதியவை என்ற விபரீதமும் பெரிதும் தணிந்தது.

1958-ல் ஓய்வு பெற்றவர், கெட்டிங்கனுக்கே மீண்டு, 1960-ம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி காலமானார்.