காவிரியில் கரன்ட், கோலாரில் தங்கம்: திவான் சேஷாத்ரி ஐயர் எடுத்த ரிஸ்க்

சித்தூர் உட்பட அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமான தமிழர்கள் வேலை தேடிப் போன இடம் கோலார் தங்க வயல். 1902 வரை அங்கே இயந்திரங்களை ஓட்டியது பெரும்பாலும் நீராவிதான். ஆனா மைசூர் சமஸ்தானத்தில் நிலக்கரி கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், செலவும் அதிகம். இதற்கு மாற்றாக ஆற்று நீரை நம்பியவர் மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர்.

யார் இவர்?

1845-ல் பாலக்காடு பகுதியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1883-ல் திவான் ஆனார். சுமார் 18 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

திட்டம் என்ன?

சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். செலவு அரசுடையது. யார் வாங்குவார்கள்? கோலார் சுரங்கங்கள். சிக்கல் என்னன்னா, சுரங்கம் இருந்தது 147 கிலோமீட்டர் தள்ளி.

தண்ணீர் எப்படி மின்சாரமாகிறது?

நீரின் அளவு, அது விழும் உயரம். இந்த இரண்டும்தான் கணக்கு. அதனால்தான் பிச்சாட்டூர் ஆரணியாறு அணை மாதிரியான பாசன நீர்த்தேக்கங்களைவிட அருவிகளே மின் பொறியாளர்களை அதிகம் ஈர்த்தன. சிவசமுத்திரத்தில் கிடைத்த உயரம் சுமார் 400 அடி. குழாயில் பாய்ந்து வரும் நீர் டர்பைனைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் ஜெனரேட்டரும் சுற்றும். செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். ஆரல்வாய்மொழி காற்றாலையிலும் இதே கதைதான். அங்கே தள்ளுவது காற்று, அவ்வளவுதான்.

147 கி.மீ. எப்படிப் போனது?

கம்பியில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் அதே மின்திறனுக்குப் பாதி கரன்ட் போதும், இழப்பு கால் பங்காகிவிடும். அதனால் 35,000 வோல்ட்டில் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் இதுவும் ஒன்று.

பிறகு?

1901-ல் உடல்நலம் குன்றிப் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி காலமானார். கோலாருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது 1902 ஜூன் 30. ஒன்பதரை மாத இடைவெளியில் அவரால் அதைப் பார்க்க முடியாமல் போனது.

இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் இது இல்லை; 1897-லேயே டார்ஜிலிங்கில் சுமார் 130 கிலோவாட் அளவில் ஒன்று வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் 6 ஜெனரேட்டர்கள், தலா 720 கிலோவாட். மொத்தம் 4,320 கிலோவாட். இன்றைய பெரிய காற்றாலைகள் இரண்டின் திறன்தான் இது. ஆனா பெரிய அளவில் தயாரித்து, தூரத்துக்கு அனுப்பி, விற்றுக் காசாக்கவும் முடியும் என்று இங்கே காட்டியது சிவசமுத்திரம்தான். முதல் கரன்ட் சுரங்கத்துக்குப் போனது. பெங்களூரு தெருக்களில் விளக்கு எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.