லேப் உதவியாளர் பியர் கியூரி



கியூரி என்றதும் நம் எல்லோருக்கும் மேரி கியூரியும் ரேடியமும்தான் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது அவருடைய கணவர் பியர் கியூரியைப் பற்றி. பாடத்தில் 'கியூரி வெப்பநிலை' என்று படிக்கிறோமே, அது இவர் பெயர்தான்.

1859 மே 15-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா டாக்டர். ஆனாலும் பெரிய வசதி கிடையாது. பியர் பள்ளிக்கூடம் போனதே இல்லை; எல்லாம் வீட்டுப் படிப்புதான். 18 வயதில் பட்டம் வாங்கினார். மேலே படிக்கப் பணமில்லை. 1878-ல் லேப் உதவியாளர் வேலையில் சேர்ந்துவிட்டார்.

வேலை பார்த்துக்கொண்டே 1880-ல் அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து, குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாவதைக் கண்டுபிடித்தார். இதுதான் பீசோ எலெக்ட்ரிக் விளைவு. கேஸ் லைட்டரை அமுக்கினால் 'டக்'கென்று பொறி வருதே, அதே சமாச்சாரம்தான்!

1882-ல் பாரிஸில் புதிதாகத் தொடங்கிய தொழில் இயற்பியல், வேதியியல் பள்ளிக்கு வந்தார். 22 வருஷம் அங்கேதான். பிராக்டிகல் சொல்லிக்கொடுத்தது போக மிச்ச நேரத்தில் காந்தப் பொருள்களைச் சூடாக்கி ஆராய்ந்தார். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் தன் காந்த குணத்தை இழந்துவிடும். இந்த ஆராய்ச்சிக்கு 1895-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அப்போது வயது 35!

1894-ல் இன்னொன்றும் எழுதினார். சில படிகங்களில் மின்புலத்தால் காந்தத்தன்மையை உண்டாக்க முடியும் என்பது அவர் கணிப்பு. 1960-ல்தான் குரோமியம் ஆக்சைடில் அது நிரூபணமானது. ஆனால் விளைவு மிகச் சிறியது. 1970-களில் பேரியம் டைட்டனேட்டையும் கோபால்ட் ஃபெரைட்டையும் ஒன்றாகச் சேர்த்து கூட்டுப் பொருள் செய்தார்கள். காந்தப்புலத்தில் ஃபெரைட்டின் நீளம் லேசாக மாறும். அது பக்கத்தில் இருக்கும் டைட்டனேட்டை அழுத்தும். உடனே வோல்டேஜ் வரும்! தனித்தனியாக இரண்டாலும் முடியாதது, சேர்ந்தால் முடிகிறது. அழுத்தினால் மின்சாரம் என்ற பியரின் பழைய கண்டுபிடிப்பே இங்கே கைகொடுக்கிறது.

1903-ல் மேரியோடு நோபல் பரிசு பெற்றார். 1906 ஏப்ரல் 19-ல், மழையில் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியில் சிக்கி இறந்துபோனார். வயது 46தான். தன் கணிப்பு பலித்ததை அவர் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போயாகணும். உங்களில் பலருக்கும் இதே நிலைதான். நண்பர்களே, வேலைக்குப் போனால் படிப்பு முடிந்தது என்று யார் சொன்னது? பியரைப் பாருங்கள்!